மேலே போன கறுப்பு ஒயர்

அன்று காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், என் மனைவி, என் தம்பி, தம்பியின் மனைவி, எலக்ட்ரீஷியன், எதிர்வீட்டு கண்டக்டர். தான் உள்ளே வராமல் வாசற்படிக்கு வெளியேதான் நின்றதாகக் கண்டக்டர் சொல்லிக்கொள்கிறார். ஒரு கால் உள்ளே இருந்தது. ஆகவே அவரையும் சேர்த்திருக்கிறேன். வேறு யாரும் இல்லை. தானும் அங்கே இருந்ததாக ஏழாவது ஆள் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்களுடையது மாடி வீடு. அப்பா கட்டியது. கீழ்த்தளம் என்னுடையது, மேல்தளம் தம்பியுடையது. பதினோரு வருடங்களுக்கு முன்பு பாகம் பிரித்தோம். அளக்க வந்தவர் டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். "அண்ணன் டேப்பைத் தளர்த்திப் பிடிக்கிறார், கொஞ்சம் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்க" என்றான் தம்பி. என்னிடம் சொல்லியிருந்தால் இழுத்துப் பிடித்திருப்பேன். நான் அளவில் ஏமாற்றுகிறேன் என்பதுபோல அந்த வெளியாளிடம் சொன்னான். முப்பத்தாறு வருடம் அலுவலக ஆவண அறையில் பொறுப்பாளனாக இருந்தவன் நான். என் கையிலிருந்து ஒரு தாள் இடம் மாறிப் போனதில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு நான் அவனோடு பேசவில்லை. மாடிப்படியும் ஏறவில்லை.

பேசாவிட்டாலும் ஒரு நிபந்தனை போட்டேன். மனைவி மூலமாகச் சொல்லி அனுப்பினேன். மேல்வீட்டு ஒயர் எதுவும் என் சுவருக்குள் ஓடக் கூடாது. அவர்களுக்குத் தனி மீட்டர், தனி மெயின், தனி ஒயர். அப்படியே ஆயிற்று.

எங்கள் கூடத்தில் ஒரே ஒரு ட்யூப் லைட். மேற்குச் சுவரில் இருக்கிறது. என் மனைவி தையல் வேலை செய்கிறவள். கூடத்தின் நடுவில் உள்ள பெரிய மேஜையில்தான் துணி வெட்டுவாள். வெளிச்சம் அவள் முதுகுப் பக்கத்திலிருந்து வரும். அவளுடைய நிழலே சாக்குக்கட்டிக் கோட்டின் மேல் விழும். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அது பெரிய தொந்தரவாகிவிட்டது. ஒரு வாரத்தில் இரண்டு சட்டைக் காலர்களைக் கோடு தப்பி வெட்டினாள். இரண்டாவது காலரை மேஜை மேல் வைத்து, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"மேஜைக்கு நேர் மேல, கூரையில ஒரு விளக்கு வேணும். இல்லேன்னா கத்தரிக்கோலை எடுத்து உள்ள வெச்சிடறேன். இனிமே வெட்ட மாட்டேன்."

நாற்பது வருடமாக வெட்டுகிறவள். வெட்ட மாட்டேன் என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. விளக்கு போடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

எலக்ட்ரீஷியனை இந்தப் பக்கத்தில் எல்லோரும் 'அணைச்சாச்சா' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் "மெயினை அணைச்சாச்சா?" என்று கேட்பவர். குள்ளமான ஆள், ஐம்பது வயது, சட்டைப் பையில் மூன்று டெஸ்டர். எங்கள் வீட்டுக்கு வந்தபோது மட்டும் அதைக் கேட்கவில்லை. வாசலில் இருக்கும் இரண்டு மீட்டர்களையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மீட்டர்கள் போன மாதம் மாற்றப்பட்டவை. மாற்றிய நாளிலிருந்து இரண்டிலும் கடுகு அளவு சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு கண்டக்டருக்கும் தெரியாது. ஆனால் தெரியாததை நான் வெளியே சொல்லவில்லை. அவர் சொன்னார். முப்பது வருடம் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைக் கத்திச் சொன்ன தொண்டை அது. "அண்ணன் தம்பி ரெண்டு பேர் மீட்டர்லயும் செவப்பு எரியுது. எங்கேயோ திருட்டு லைன் இழுத்திருக்காங்க" என்று அவர் பேசியது தெருமுனைக் கடை வரை கேட்டிருக்கிறது.

"சார், இந்தச் சிவப்பு எப்போலேர்ந்து?" என்றார் அணைச்சாச்சா.

"நீங்க வந்தது விளக்கு மாட்ட."

"விளக்கு எங்கயும் போயிடாது. வீட்டுல எல்லா ஸ்விட்சையும் அணைங்க. அப்புறம் ஒண்ணொண்ணா போடுங்க."

என் மனைவி போட்டாள். சமையலறை, படுக்கையறை, குளியலறை. சிவப்பு எரியவில்லை. கூடத்து ட்யூபைப் போட்டாள். இரண்டு மீட்டரிலும் சேர்ந்து எரிந்தது. அணைத்தாள், போயிற்று.

அணைச்சாச்சா எங்கள் ஸ்விட்ச் போர்டைத் திறந்து, கவ்விப் பிடிக்கும் மீட்டர் ஒன்றை ஒயரின் மேல் மாட்டிப் பார்த்தார். பிறகு மற்றொரு ஒயரில் மாட்டினார். தலையை ஆட்டினார்.

"போறது போகுது. வர்றது வரலை."

"புரியிற மாதிரி சொல்லுங்க."

"கரண்ட்டு சிவப்பு ஒயர்ல போகணும், கறுப்பு ஒயர்ல திரும்பி வரணும் சார். போற வழியும் வர்ற வழியும் ஒரே வீட்டுலேர்ந்து, ஒரே பிரேக்கர்லேர்ந்து இருக்கணும். அது முதல் சட்டம். உங்க கூடத்து ட்யூபுக்குப் போற வழி உங்களுது. திரும்புற வழி மேல் வீட்டுது."

"அப்படி இருக்க முடியாது. என் சுவர்ல அவங்க ஒயரே கிடையாது."

"இருக்கு. அதுக்குத்தான் ரெண்டு மீட்டரும் அழுவுது."

உள்ளேயிருந்து என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "அவங்க ஊருக்குப் போனா நம்ம ட்யூபும் எரியாதே. அது இதனாலதானா?"

அது உண்மை. தம்பி குடும்பத்தோடு வெளியூர் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவான். அவன் திரும்பி வரும் வரை என் கூடம் இருண்டு கிடக்கும். வேண்டுமென்றே ஏதோ செய்கிறான் என்று நினைத்தேன். வெளியாளைக் கூப்பிட்டுக் காட்டினால் வீட்டு விஷயம் தெருவுக்குப் போகும் என்று யாரையும் கூப்பிடவில்லை. நிற்கும் விளக்கு ஒன்று வாங்கி மூலையில் வைத்தேன். பதினோரு வருடமாக அது அங்கேயே நிற்கிறது.

"சரி, பிரிச்சு மாட்டுங்க" என்று எங்கள் மெயினை அணைத்தேன்.

"மாட்டறேன். மேல் மெயினையும் அணைக்கச் சொல்லுங்க."

"எங்க மெயினை அணைச்சிட்டேனே."

"உங்களுது அணைஞ்சா போதாது. ரெண்டும் அணையணும். ரெண்டும் அணைஞ்சதை டெஸ்டர் வெச்சு நானே பாக்கணும். அப்புறம்தான் ஒரு ஸ்க்ரூவைத் தொடுவேன்."

"ஒரு விளக்கு மாட்டறதுக்கு இவ்வளவு சட்டமா?"

"ஒரு விளக்கு மாட்டும்போதுதான் சார் ஆள் போறான். பெரிய வேலைன்னா எல்லாரும் பயந்து செய்வாங்க."

வாசலில் கண்டக்டர் வந்து நின்றிருந்தார். "நான் வேணா மேல ஒரு குரல் குடுக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம்."

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்" என்று என் மனைவி எழுந்தாள்.

"நீ உட்காரு. நான் போறேன்."

சட்டையை மாட்டிக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டேன். பதினாறு படிகள். நடுவில் நின்று மூச்சு வாங்கக் கூடாது என்று தீர்மானித்திருந்தேன். நிற்கவில்லை. கதவைத் திறந்தது தம்பியின் மனைவி. கையில் ஈரத்துணி. என்னைப் பார்த்ததும் அது கீழே விழுந்தது.

"வாங்க மாமா," என்றவள் உள்பக்கம் திரும்பி, "என்னங்க, கீழேர்ந்து மாமா வந்திருக்காங்க" என்றாள்.

தம்பி வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலிலும் தெருவிலும் தினம் கண்ணில் படுகிறவன்தான். நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"உன் மெயினை அணைக்கணும்" என்றேன்.

அவன் கதவை முழுக்கத் திறந்தான். "பதினோரு வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க. வாயிலேர்ந்து வர்ற முதல் வார்த்தை 'அணை'ங்கிறதுதானா?"

"வேலை அதுதான்."

"உள்ள வாங்க. உட்காருங்க. வேலையைச் சொல்லுங்க."

"உட்கார வரலை. அண்ணிக்கு மேஜை மேல விளக்கு போடணும். உன் ஒயரும் என் ஒயரும் எங்கேயோ ஒண்ணா இருக்காம். ரெண்டு மெயினும் அணைஞ்சாத்தான் ஆள் கை வெப்பானாம். அதான் வந்தேன்."

"அண்ணிக்கா?" என்று கேட்டுவிட்டு அவன் நேராகப் போய் மெயினைக் கீழே தள்ளினான். ஃபேன் சுற்றுவது நின்றது. பிறகு எனக்கு முன்னால் அவனே படியிறங்கினான். அவன் மனைவி பின்னால் வந்தாள். நான் கடைசியில்.

எங்கள் கூடத்துச் சுவரில், மாடிப்படிக்கு அடியில் வரும் மூலையில், ஒரு சதுர மூடி உண்டு. அதன் மேல் நான்கு தடவை பெயிண்ட் அடித்தாயிற்று. அணைச்சாச்சா அதன் விளிம்பைக் கத்தியால் கீறினார். "இருட்டா இருக்கு, யாராவது டார்ச் பிடிங்க" என்றார். தம்பி வாங்கிப் பிடித்தான். இடது கையால் வாங்கி, உடனே வலது கைக்கு மாற்றினான். இடது மணிக்கட்டு பக்கவாட்டில் லேசாக வளைந்திருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு மேலே அவன் ஃபேன் கழற்ற ஏறி, ஸ்டூலிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். தெருவில் அதைப் பற்றி ஒரு பேச்சு ஓடியது. குடித்துவிட்டு ஏறினான் என்றார்கள், கண்டக்டர் அதையும் கத்திச் சொன்னார். என் காதிலும் விழுந்தது. நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

மூடி வந்தது. உள்ளே மூன்று கறுப்பு ஒயர்கள். இரண்டு ஒன்றோடொன்று முறுக்கியிருந்தன. மூன்றாவது வெட்டப்பட்டு, நுனி மடங்கித் தனியாகக் கிடந்தது. முறுக்கிய இரண்டின் மேல் பழைய டேப். டேப்பின் மேல் பழுப்பேறிய பருத்தி நாடா, இரண்டு சுற்று, நுனி உள்ளே செருகிய முடிச்சு.

அணைச்சாச்சா டெஸ்டரால் மூன்றையும் தொட்டார். மற்றொரு டெஸ்டராலும் தொட்டார். பிறகுதான் விரலை வைத்தார்.

"இதோ பாருங்க. தனியா வெட்டிக் கிடக்கறது கீழ்வீட்டு போர்டுலேர்ந்து வர்றது. மேல போறதைத்தான் வெட்டியிருக்கணும். மாத்தி வெட்டிட்டு, கூடத்து ட்யூபை மேல போற ஒயரோட சேர்த்துவிட்டிருக்கான். விளக்கு எரிஞ்சிருக்கும். எரிஞ்சதும் சரியாப் போச்சுன்னு மூடியிருக்கான் மகாராசன். இதுக்கு மேல பொட்டலம் மாதிரி நாடா வேற! எந்த மேதாவி சார் இந்த வேலையைப் பார்த்தது?"

டார்ச் வெளிச்சம் அந்த முடிச்சின் மேல் அசையாமல் நின்றது. அது கோப்பு கட்டும் நாடா. ஆவண அறையில் முப்பத்தாறு வருடம் நான் போட்ட முடிச்சு. தம்பி பள்ளியில் படிக்கும்போது அவன் புத்தகக் கட்டுகளுக்கும் நான்தான் அப்படிக் கட்டிக் கொடுப்பேன். அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

"பழைய ஒயர்மேன் எவனாவது போட்டிருப்பான்" என்றான் தம்பி, டார்ச்சை நகர்த்தாமலே. "பாகம் பிரிச்சப்போ வந்தவன். பேர்கூட ஞாபகம் இல்லை."

கண்டக்டர் வாசலிலிருந்து கழுத்தை நீட்டினார். "ஆமா ஆமா, எனக்கு ஞாபகம் இருக்கு. ஒல்லியா ஒருத்தன் வருவான்."

அந்த ஒல்லியானவன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தான். இந்த ஒரு பெட்டி மட்டும் மறுநாளைக்கு மிச்சமிருந்தது. மேல்வீட்டு ஒயர் ஒரு ராத்திரிகூட என் சுவரில் இருக்கக் கூடாது என்று நான்தான் அன்று மாலையே திறந்தேன். மறுநாள் அவன் வந்தபோது வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அணைச்சாச்சா மறுபடி தொடங்கினார். "எரியாம போயிருந்தாக்கூட நல்லது சார். இது ஆளைக் கொல்லுற வேலை. மேல இருக்கறவர் ஏதாவது ரிப்பேர் பாக்க மெயினை அணைக்கிறார்னு வெச்சுக்குங்க. மெயின் சிவப்பு, கறுப்பு ரெண்டையும் துண்டிச்சிரும். கீழ ட்யூப் ஸ்விட்ச் போட்டே இருக்கு. கரண்ட்டு ட்யூப் வழியா மேல போயிரும். திரும்ப வழியில்லாம மேல் வீட்டுக் கறுப்பு ஒயர் பூரா வந்து நிக்கும். அவர் மெயினை அணைச்சிட்டோமேன்னு தைரியமாத் தொடுவார். அவ்வளவுதான்."

தம்பியின் மனைவி முன்னால் வந்தாள். "அன்னிக்கு மெயினை அணைச்சிட்டுத்தான் ஏறினாங்க" என்றாள். "நான் பக்கத்துல நின்னேன். யாரும் நம்பலை. ஆஸ்பத்திரியில டாக்டரே நம்பலை. அணைச்சிருந்தா எப்படி ஷாக் அடிக்கும்னு கேட்டாரு."

"விடு" என்றான் தம்பி.

"எப்படி விடறது? குடிச்சிருந்தாங்கன்னு தெருவே சொல்லுச்சு."

என் மனைவி மேஜை ஓரத்தில் நின்றிருந்தாள். அவள் எதையும் யோசித்துத்தான் பேசுவாள்.

"அன்னிக்கு நான் இங்க துணி வெட்டிக்கிட்டிருந்தேன். ட்யூப் பட்டுனு அணைஞ்சுது. 'ஆரம்பிச்சுட்டான்'னு நீங்க மேல பார்த்துத் திட்டினீங்க. ஸ்விட்சை யாரும் தொடலை, போட்டபடியே இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல மேல தொம்முனு சத்தம் கேட்டுச்சு."

ட்யூப் முதலில் அணைந்தது. பிறகுதான் சத்தம். மெயினை அணைத்த பிறகுதான் அவன் ஸ்டூலில் ஏறியிருக்கிறான். அந்தச் சத்தத்தை நானும் கேட்டேன். தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தேன். படியேறவில்லை.

"அந்த முடிச்சு என்னுடையது" என்றேன்.

"அண்ணா."

"ஒயர்மேனும் இல்லை, ஒல்லியானவனும் இல்லை. பாகம் பிரிச்ச மறுவாரம், சாயங்காலம், நானே திறந்தேன். மூணும் கறுப்பு. மேல போறது எதுன்னு பார்க்கத் தெரியலை. தெரியாதுன்னு ஒருத்தர்கிட்டக் கேட்கவும் இல்லை. வெட்டினேன். எரிஞ்சுது. மூடினேன்."

"அண்ணா, அதை இப்போ எதுக்கு எல்லார் முன்னாலயும்..."

"எல்லார் முன்னாலயும்தான் சொல்லணும். உன்னைச் சொன்னது எல்லார் முன்னாலயும்தானே?"

அணைச்சாச்சா டெஸ்டரைப் பையில் செருகிவிட்டு, மறுபடி எடுத்தார். "மேதாவின்னு சொல்லிட்டேன் சார்" என்றார்.

"சரியாத்தான் சொன்னீங்க. வேலையைப் பாருங்க. இனிமே எந்தச் சட்டத்தையும் விடாம பாருங்க. நான் அவசரப்படுத்த மாட்டேன்."

அவர் பார்த்தார். நாடாவை அறுத்து முறுக்கை அவிழ்த்தார். மேலே போகும் ஒயரைக் குழாய் வழியாக மேல்வீட்டுப் பக்கமாக இழுத்து எடுத்துவிட்டார். வெட்டிக் கிடந்த எங்கள் ஒயரைக் கூடத்து ட்யூபோடு சேர்த்தார்; இந்த முறை முறுக்கு இல்லை, ஸ்க்ரூ வைத்த கனெக்டர். புது விளக்குக்கு எங்கள் போர்டிலிருந்தே தனியாக மூன்று ஒயர் இழுத்தார். சிவப்பு, கறுப்பு, பச்சை. விளக்கின் மேல்மூடி தகரம் என்பதால் எர்த்துக்கான பச்சை ஒயர் கட்டாயம் என்றார். ஸ்விட்ச் எப்போதும் சிவப்பு ஒயரில்தான் வர வேண்டும். கறுப்பில் வைத்தால் விளக்கு அணையும், கரண்ட் மட்டும் விளக்கிலேயே நிற்கும் என்றார். கூரைக் கொக்கியில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். அவர் எடை அதிகமில்லை என்று என் மனைவி சொன்னதும், தம்பியையும் தொங்கச் சொன்னார். தம்பி ஒற்றைக் கையால் தொங்கினான். கொக்கி அசையவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா இழுத்துப் பிடிங்க, தளர விட்டுடாதீங்க" என்றான் மேலேயிருந்து.

"அன்னிக்கும் நான் தளர விடலை."

"விட்டீங்க."

"விடலை. டேப் பழசு."

"சரி, டேப் பழசு" என்று இறங்கினான். அந்த விவகாரம் இன்னும் முடியவில்லை. முடிந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

மெயின்களைப் போட்டதும் வாசலுக்குப் போய்ப் பார்த்தோம். இரண்டு மீட்டரிலும் சிவப்பு இல்லை. கூடத்துக்கு வந்து புது விளக்கைப் போட்டாள் என் மனைவி. ட்யூபையும் போட்டாள்.

"இப்போ மேல போய் உன் மெயினை அணை" என்றேன் தம்பியிடம்.

"மறுபடியுமா?"

"அணைடா."

அணைத்தான். மேலே ஃபேன் நின்றது. எங்கள் கூடத்தில் இரண்டு விளக்குகளும் எரிந்துகொண்டே இருந்தன. என் மனைவி ஒரு துணியை விரித்து, கோடு போட்டு, கத்தரிக்கோலை வைத்தாள். மேஜையில் நிழல் இல்லை. காலர் ஒரே வெட்டில் வந்தது. மூலையில் நின்ற விளக்கை அன்றே எடுத்து மேல்வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

கண்டக்டரை உள்ளே கூப்பிட்டேன். இரண்டு காலையும் வைத்து உள்ளே வந்தார்.

"எல்லாம் கேட்டீங்கல்ல?"

"கேட்டேன்."

"அப்படியே சொல்லுங்க. முன்னாடி சொன்னதை எங்கெங்க சொன்னீங்களோ, அங்கெல்லாம் சொல்லுங்க."

"நான் கேட்டதைத்தான் சொன்னேன் சார், நானாச் சொல்லலை."

"இப்பவும் கேட்டதைத்தானே சொல்லச் சொல்றேன்."

சொல்வதாகத் தலையாட்டிவிட்டுப் போனார். ஆனால் போன வாரம் தெருமுனைக் கடையில் பழைய ஒயர்மேன் செய்த தவறு என்று பேச்சு அடிபட்டது. குடித்திருந்ததும் உண்மைதான், ஒயர் தவறும் உண்மைதான் என்று ஒருவர் இரண்டையும் சேர்த்துக்கொண்டாராம். பெரியவர் குடும்ப மானத்துக்காகப் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார் என்றுகூட ஒருவர் சொன்னாராம். ஆகவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

என் தம்பி அன்று குடித்திருக்கவில்லை. மெயினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறினான். அவனைத் தாக்கிய கரண்ட் என் வீட்டிலிருந்து போனது. ஒயர்மேன் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒயரை மாற்றி வெட்டியவன் நான்.